படகு பிந்திய நாட்கள்

ஜசிந்தா தன் ராஜினாமாக் கடிதத்தை நீட்டியபோது சசிகரனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகுக்குச் சனம் சாமான் சக்கட்டோடு முண்டியடித்தது. நேரில் காணவேண்டும் என்று அவள் போன் எடுத்ததால்தான் தன் ஊரான கரம்பொனிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்திருந்தான்.

இருவருக்கும் யாழ்ப்பாணத்தில் ஒரே ஆய்வுகூடத்தில் வேலை. ஜசிந்தா நெடுந்தீவிலிருந்து நாளும் படகில் போய்வந்தவள். ஒரு புரதத்தின் வாய் போன்ற பிளவு எவ்வளவு நெகிழ்ந்து கொடுக்கிறது என்று பார்க்கவேண்டும். சசிகரன் அந்தப் புரதத்தைக் கணினிக்குள் அணு அணுவாக ஆடவிடுவான். ஜசிந்தா உண்மையான புரதத்தின் இரு உதடுகளிலும் ஒளிரும் சாயம் ஒட்டி, அந்த ஒளியைக் கொண்டு இடைவெளியை அளப்பாள். கணினி காட்டும் ஆயிரம் உருவங்களில் அவளுடைய அளவுகளுக்கு ஒத்துவருபவற்றின் மதிப்பைக் கூட்டி, மற்றவற்றினதைக் குறைக்கவேண்டும். அதுதான் முறை.

சிக்கல் என்னவென்றால், சசிகரனின் கணினியில் வாய் மூடியே கிடந்தது. கொழும்பு மாநாட்டில் அதைப் பேசிக் கைதட்டலும் வாங்கிவிட்டான். பிறகு வந்த ஜசிந்தாவின் ஒன்பது நாள் அளவுகளிலும் வாய் திறந்திருந்தது.

அவளோ நேர்மைக்காரி. குறிப்புப் புத்தகத்தில் இரண்டு நாட்களுக்கு நேரே, கடல் கொந்தளிப்பில் படகு பிந்தியது, முதல்நாள் சாயம் ஏற வைத்துவிட்டுப் போன மாதிரி இரண்டு மணித்தியாலம் கூடுதலாக வெளியே நின்றது என்று தானே எழுதியிருந்தாள். இவனுக்கு அது போதும். பேராசிரியர் அரியநாயகத்துக்கு முன்னால், அவளும் பக்கத்தில் இருக்க, மாதிரி பழுதாகிவிட்டது என்று கூசாமல் சொன்னான். படகு பிந்தாத ஏழு நாட்களும் அதையேதான் காட்டின என்பதை விழுங்கிவிட்டான். பேராசிரியர் எல்லாவற்றையும் திரும்பச் செய்யச் சொன்னார். கொழும்பில் கைதட்டல் வாங்கிய கணினி பிழைக்காது என்று எண்ணி அவளும் தன்னில்தான் குறை என்று நம்பினாள்.

எட்டு மாதம். மூன்று வயது மகளைப் புருஷனிடம் விட்டுவிட்டு, படகை நம்பாமல் நல்லூரில் அறை எடுத்துத் தங்கி, முதலிலிருந்து அளந்தாள். அந்த எட்டு மாதமும் இந்த மனிதன் அவளுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொன்னான். பெரிய மனசு பாருங்கள்.

“திரும்பவும் திறந்துதான் வருகுது அண்ணை,” என்றாள் ஜசிந்தா. “படகில பிழையில்லை. என்ர கையிலதான் பிழை. பேராசிரியர் சேரின்ர முகத்தில முழிக்க வெக்கமாக் கிடக்கு. இதை நீங்களே குடுத்துவிடுங்கோ.”

வெட்கப்படவேண்டியவன் எதிரே நிற்க, அவள் வெட்கப்பட்டாள். கடிதத்தோடு பேசாமல் வீட்டுக்குப் போனால் விஷயம் இன்றோடு முடிந்துவிடும் என்று ஒரு கணம் நினைத்தான். நினைத்த பிறகு தன்னையே அவனுக்கு அருவருத்தது.

“உம்மில பிழையில்லை,” என்றான். “என்ர கணினிதான் பிழை. அது எனக்கு அண்டைக்கே தெரியும்.”

அந்த ஏழு நாட்களைப் பேராசிரியரிடம் மறைத்ததையும் சொன்னான். சொல்லி முடியுமட்டும் தலை நிமிரவில்லை.

படகுக்காரர் கடைசித் தரம் கூப்பிட்டார். ஜசிந்தா கடிதத்தை அவன் கையிலிருந்து திருப்பி வாங்கிப் பைக்குள் வைத்தாள். அழவுமில்லை, ஏசவுமில்லை. ஏசியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“திங்கக்கிழமை கூட்டத்தில, அண்டைக்கு இருந்த அதே கதிரையில இருந்து சேருக்குச் சொல்லுங்கோ,” என்றாள். “நான் முதல் படகில வாறன். படகு பிந்தினா, நான் வருமட்டும் பொறுத்திருந்து சொல்லுங்கோ.”