தேதி பார்த்து வாங்கிய பொங்கல்

ராணியம்மாளிடம் ஒரு பொருளை விற்கிறவனுக்கு முதலில் பொறுமை வேண்டும். பிரெட்டோ பிஸ்கட்டோ பல்பொடியோ, எதைக் கொடுத்தாலும் வாங்கிய கையோடு குப்புறக் கவிழ்ப்பாள், ஓரம் ஓரமாகத் திருப்புவாள், தேதி கண்ணில் படுகிற வரைக்கும் காசை எடுக்க மாட்டாள். கரியாலூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் தனசேகரன் ஒருநாள் கும்பிடாத குறையாகக் கெஞ்சினான்.

"யக்கா, அது உப்புக்கா. உப்பு எங்கயாவது கெட்டுப் போவுமா?"

"கெடாதுன்னா எதுக்குடா தேதி போட்டுக்கீறான்? போட்டவன் உன்னவிட முட்டாளா?"

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் பழக்கம் அவளுக்குச் சிரிப்பில் வந்ததில்லை. இருபத்திநாலாம் வருஷம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்துச் செத்தவர்களில் தங்கதுரையும் ஒருவன். கொத்து வேலைக்குப் போய் அங்கேயே குடியிருந்தவன். ராணியம்மாளின் ஓரகத்தி ரங்கம்மாளுக்கு ஒரே தம்பி. ஆஸ்பத்திரி வாசலில் ரங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது அவளைத் தாங்கிப் பிடித்தவள் ராணியம்மாள்தான். அந்தப் பாக்கெட்டில் பேரும் இல்லை, தேதியும் இல்லை. அன்றைக்குப் பிடித்தது இந்தத் திருப்பிப் பார்க்கிற பழக்கம்.

அதோடு விட்டாளா? மலை மேலிருக்கும் தன் ஊருக்குத் திரும்பியதும் ஊர்ப் பெண்களைக் கூட்டினாள். இனிமேல் எந்த வீட்டுக்குள்ளும் சாராயம் நுழையக் கூடாது என்றாள். ஆம்பிளைகள் முணுமுணுத்தார்கள். வருஷா வருஷம் முனியப்பனுக்குப் படைக்கிற சாராயமும் கூடாது என்றாள். இதற்குப் பூசாரி அம்மாசியே எழுந்து நின்றுவிட்டார்.

"சாமிக்கே கட் பண்ணுவியாம்மா நீ?"

"சாமி பேர சொல்லித்தானே எல்லாரும் குடிக்கிறீங்க? மோரு வெய்யி. ரெண்டு எலுமிச்சம்பழம் ஜாஸ்தியா வெய்யி. கோவிச்சுக்கினா என்கிட்ட வரச் சொல்லு."

முனியப்பன் கோபித்துக்கொள்ளவில்லை. மழையும் ஒழுங்காகப் பெய்தது.

இப்படிப்பட்டவளுக்குத்தான் இந்தத் தை மாசத்தில் ஒரு சோதனை வந்தது. முனியப்பன் பூசைக்கு முதல் பானை வைக்கிற முறை ஒவ்வொரு வருஷமும் ஒரு வீட்டுக்கு. மாமியார் காலத்துக்குப் பிறகு இந்த வருஷம்தான் அது காத்தான் வீட்டுக்கு, அதாவது அவன் பெண்டாட்டி ராணியம்மாளுக்கு, வந்திருந்தது. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் காத்துக்கொண்டிருந்த முறை. புதுச்சேலைகூட எடுத்து வைத்துவிட்டாள். பானையில் விழுகிற தானியத்துக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு உண்டு: முறைக்கார வீட்டின் சொந்தக் காட்டில் அந்த வருஷம் விளைந்ததாக இருக்க வேண்டும், யாரும் வாய் வைத்திருக்கக் கூடாது. அது இல்லையென்றால் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அடுத்த வீடு ரங்கம்மாள் வீடு.

அறுத்த அன்றைக்கே சாமிக்கென்று சாமையை மஞ்சத்துணியில் முடிந்து உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தாள் ராணியம்மாள். பூசைக்கு நாலு நாள் இருக்கும்போது அண்ணாந்து பார்த்தால் வெறும் ஆணிதான் இருந்தது.

"இன்னாய்யா ஆச்சி, சாமி முடிப்பு எங்க?"

காத்தான் கோழியைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், அவளை மட்டும் பார்க்கவில்லை.

"சாமை ஏத்த பெங்களூர் வண்டி வந்துச்சில்ல? மூட்டை எடை கொஞ்சம் கம்மியா இருந்துச்சி. டிரைவர் ஹாரன் அடிச்சிக்கினே இருந்தான். அதான், கைக்கு எட்டுனதை…"

"சாமி முடிப்பையா கொட்டுன?"

"மறுபடி முடிஞ்சி வெச்சிக்கலாம்னு நெனச்சேன் ராணி. அதுக்குள்ள காட்டுல நின்ன மிச்சத்தைக் காட்டுப்பன்னி துன்னுட்டுப் போயிடுச்சி."

அன்றைக்கு அந்த வீட்டில் பறந்த பாத்திரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம். பாவம், காத்தான் கெட்டவன் இல்லை. எடை குறைந்தால் ஊர் பேர் கெட்டுவிடுமே என்று பயந்தவன், அவ்வளவுதான். ராணியம்மாள் கத்தி ஓய்ந்ததும் மூலையில் உட்கார்ந்து அழுதாள். எத்தனை வருஷத்து ஆசை! கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாமை வாங்கிய பெங்களூர் கம்பெனிக்குப் போன் போட்டாள். கொள்முதல் பார்க்கிற பிரவீன்குமார் ரிஷிவந்தியத்துப் பையன்.

"ஒரு படி சாமை மட்டும் திருப்பிக் குடு தம்பி. சாமி காரியம்."

"ஐயோ அக்கா, சாமையெல்லாம் காய்ச்சி முடிச்சிட்டோமே!"

"காய்ச்சிட்டீங்களா? கஞ்சியா?"

பிரவீன்குமார் குரலைத் தாழ்த்தினான். "பீர் அக்கா. நாங்க பீர் கம்பெனி. பெரிய கம்பெனி மாதிரி இல்ல, கொஞ்சம் கொஞ்சமா சிறுதானியம் போட்டு, பாத்துப் பாத்து காய்ச்சுறது. அண்ணன்கிட்ட அப்பவே சொன்னனே!"

ராணியம்மாள் திரும்பிப் பார்த்தாள். காத்தான் தோட்டத்துப் பக்கம் போய்விட்டிருந்தான்.

போனை வைத்தாள். ஊருக்கெல்லாம் சட்டம் போட்டவள் வீட்டுச் சாமை பீராகிவிட்டது! பிறகு அவளுக்கு ஒன்று தோன்றியது. சாமை எங்கேயும் போகவில்லை. அதற்குள்தான் இருக்கிறது. மறுபடி போன் போட்டு, தங்கள் சாமை எந்தப் பீரில் இருக்கிறது என்று கேட்டாள்.

"உங்க ஊர் மூட்டைன்னு நான் வாங்குனது உங்க வூட்டுது மட்டும்தான்க்கா. அதைத் தனியா ஒரே கொதியா போட்டோம்," என்றான் பிரவீன்குமார். "டிசம்பர் பன்னெண்டு டின்ல அடைச்சோம். கள்ளக்குறிச்சியில ஏசி போட்ட பிராந்திக் கடைக்கும் போயிருக்கு. எப்ப கெட்டுப்போவும்னு போட்ட தேதிய பாக்காதீங்க. எப்ப அடைச்சாங்கன்ற தேதிய பாருங்க. இந்த பீருக்கு வயசு ஏற ஏற ருசி போயிடும், நொரையும் அடங்கிடும். வெயில் படுற எடத்துல வெச்சிருந்தா எடுக்காதீங்க. குளுர்ல, பொட்டியோட பின்பக்கம் இருக்கும் பாருங்க, அதைக் கேளுங்க."

"கொதிக்க வெச்சா போதை நிக்குமா தம்பி?"

"நல்லா கொதிச்சா ஆவியா போயிடும்க்கா. ஏன் கேக்குறீங்க?"

"அது சாமி ரகசியம்," என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் புருஷனும் பெண்டாட்டியும் கள்ளக்குறிச்சியில் இறங்கினார்கள். கடை வாசலில் காத்தானின் கையில் பையைக் கொடுத்து நிறுத்தினாள். "வாசப்படி ஏறுன, காலை ஒடிச்சி அடுப்புல வெச்சிடுவேன்."

உள்ளே போனதும் ஏசிக் காற்று முகத்தில் அடித்தது. வரிசையில் நின்ற ஆம்பிளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவர் முண்டாசைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார், ஏதோ சொந்தக்காரராக இருக்கும். ராணியம்மாளுக்கும் வெட்கம் பிடுங்கித் தின்றதுதான். ஆனாலும் நிமிர்ந்து நின்றாள்.

"சாமை போட்ட பீரு வேணும் தம்பி."

கடைக்காரப் பையன் அஜய் சிரிக்காமல் ஒரு டின்னை எடுத்து வைத்தான். அவள் எடுத்தாள், குப்புறக் கவிழ்த்தாள்.

"ஆகஸ்ட்டு. இது போன வெள்ளாமை. வேற எடு."

"நல்ல சரக்குதாங்கம்மா. காலாவதி ஆக இன்னும் நாள் இருக்கு."

"காலாவதி ஆவலன்னா புதுசுன்னு அர்த்தமா? எனக்கும்தான் இன்னும் காலாவதி ஆவல. அதுக்குன்னு கல்யாணப் பொண்ணுன்னு சொல்லுவியா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அஜய்க்கும் அடக்க முடியவில்லை. ஜன்னலோரம் அடுக்கியதிலிருந்து இன்னொன்றை எடுத்தான்.

"அது வெயில்ல காயுது. வேணாம்."

அடுத்தது செப்டம்பர், அதற்கடுத்தது அக்டோபர். ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் தள்ளி வைத்தாள். எல்லாம் விற்றுத் தீர்ந்திருக்குமோ? முனியப்பா, மோர் கொடுத்த கோபத்தை இப்படியா காட்டுவாய்? பின்னால் நின்ற பெரியவர் தன் கையிலிருந்த பாட்டிலைச் சத்தமில்லாமல் கவிழ்த்துப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இருந்தவரும் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் வரிசையே தலைகீழாகப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"யம்மா, உங்களால கடைக்கே கண்ணு தெறந்துடுச்சி," என்று சொல்லிக்கொண்டே அஜய் குளிர்ப்பெட்டிக்குள் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினான். அடிவரிசையிலிருந்து நாலு டின் வந்தது. சில்லென்றிருந்த அடிப்பக்கத்தை முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். டிசம்பர் பன்னெண்டு.

"என் காடு!" என்று கூவிவிட்டாள். அந்தக் கடையில் பீர் டின்னை மாரோடு அணைத்துக்கொண்டு அழுத முதல் ஆள் அவளாகத்தான் இருப்பாள்.

ஈரச்சாக்கில் சுற்றி, கச்சிராயபாளையம் வழியாக மலையேறும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டாள். பஸ் வளைவுக்கு வளைவு தூக்கித் தூக்கிப் போட்டது. காத்தான் மெதுவாகக் கேட்டான்.

"நாலு இருக்குதே ராணி. ஒண்ணு மட்டும்…"

அவள் பார்த்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஊருக்கு வந்ததும் டின்களை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. சட்டம் சட்டம்தான். ஓடைத் தண்ணீரில் கல்லுக்கடியில் சொருகி வைத்தாள்.

ரங்கம்மாளிடம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு தடவை அவள் வீட்டு வாசல் வரைக்கும் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டாள். தம்பியைக் குடித்த பொருளின் பேரை எந்த வாயால் அவளிடம் சொல்வது?

பூசையன்று காலையில் முனியப்பன் கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. பிள்ளைகளுக்கென்று தனிப்பானையில் அரிசிப் பொங்கல் ஒருபக்கம் வெந்துகொண்டிருந்தது. முதல் பானை அடுப்பில் காலியாக ஏறியது. ராணியம்மாள் ஈரச்சாக்கைப் பிரித்தாள். நாலு டின்னும் வெயிலில் மின்னின.

"இன்னாம்மா இது?" அம்மாசி விபூதித் தட்டைக் கீழே வைத்தார். "எங்களுக்கு ஒரு சட்டம், உனக்கு ஒரு சட்டமா?"

ராணியம்மாள் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். மஞ்சத்துணி, வண்டி, காட்டுப்பன்னி, கம்பெனி, கடை, எல்லாம். "எங்க காட்டுச் சாமைதான். இந்த வருசத்துது. தேதி பாத்துதான் வாங்கியாந்தேன். மூடி தெறக்கல, யாரும் வாய் வெக்கல. யாரும் குடிக்கப் போறதும் இல்ல, பானையில கொதிக்க வெக்கப் போறேன், போதை ஆவியா போயிடும். கட்டுப்பாட்டுல எது கொறையுது, சொல்லுங்க மாமா."

அம்மாசி டின்னை எட்டத்தில் பிடித்துக்கொண்டு யோசித்தார். கட்டுப்பாட்டில் எதுவும் குறையவில்லை. ஆனால் ஊர் அவரைப் பார்க்கவில்லை. ரங்கம்மாளைப் பார்த்தது. அவள் சொன்னால்தான் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் தலையசைத்து மறுத்தால் முறை அவளுக்கே போகும் என்பதும் தெரியும்.

ரங்கம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முகம் இறுகியிருந்தது. அம்மாசி கையிலிருந்து டின்னை வாங்கினாள். ராணியம்மாள் முன்னால் வந்தாள்.

"யக்கா, வேணாம்னா ஒரு வார்த்தை சொல்லு. ஓடையில கொட்டிட்டு வந்துடறேன். நீயே பானை வெய்யி. மனசார சொல்றேன்."

ரங்கம்மாள் டின்னைக் குப்புறக் கவிழ்த்தாள். எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"தேதி இருக்குது. பேரு இருக்குது. யார் காய்ச்சினான்னு இருக்குது," என்றாள். "என் தம்பிக்கு இதுமாரி திருப்பிப் பாத்து வாங்கிக் குடுக்க ஆள் இல்லியேடி."

ராணியம்மாள் அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு ரங்கம்மாள்தான் முதலில் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள்.

"சரி, வெறும் தண்ணிய கொதிக்க வெச்சி முனியப்பனுக்கு ரசமாடி ஊத்தப் போற?" தன் மடியை அவிழ்த்தாள். முறை தனக்கு வந்தாலும் வரும் என்று முடிந்து வைத்திருந்த சாமை அது. "ஒன்னோட காட்டுத் தண்ணி, என்னோட காட்டுத் தானியம். தெற, நேரம் ஆவுது."

அம்மாசிக்கே முதல் டின்னைத் திறக்கிற உரிமை. மனுஷன் தெரியாமல் முகத்துக்கு நேராக வைத்து வளையத்தை இழுத்தார். மலைப்பாதை முழுக்கக் குலுங்கி வந்த பீர் அல்லவா! புஸ்ஸென்று பீறிட்டு அவர் மீசை, விபூதி, துண்டு எல்லாவற்றையும் நனைத்தது. ஊர் கைதட்டியது. மற்ற மூன்றையும் ராணியம்மாள் பதமாகத் திறந்து பானையில் ஊற்றினாள்.

அடுப்பில் அப்போதுதான் விறகு பற்றியிருந்தது. பானை சூடேற நேரமாகும், பொங்குவதற்கு அதைவிட நேரமாகும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ரங்கம்மாள் சாமையை அள்ளிப் போட்டாள். போட்டதுதான் தாமதம், பானைக்குள் வெள்ளை வெளேரென்று நுரை கிளம்பி, கழுத்துக்கு ஏறி, மஞ்சள் கொத்தைத் தாண்டி நாலு பக்கமும் வழிந்தது. முனியப்பன் கோயிலில் அவ்வளவு சீக்கிரம் பொங்கிய பானையை யாரும் பார்த்ததில்லை.

"பொங்கலோ பொங்கல்!" முதலில் கத்தியவள் ரங்கம்மாள். பிறகு குலவைச் சத்தத்தில் மலையே அதிர்ந்தது. காத்தான் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு ஆடினான், ஏதோ எல்லாம் அவன் திட்டம் போட்டு நடத்தியது மாதிரி.

பொங்கல் நன்றாகக் கொதித்து வற்றி இறங்கியது. லேசான கசப்பும் வறுத்த தானிய மணமுமாக ஒரு ருசி. வெல்லம் ஜாஸ்தி என்றார் ஒருவர், இன்னொரு கரண்டி என்று இலையை நீட்டினார் அதே ஒருவர்.

எல்லாம் முடிந்து பானையைக் கழுவும்போது ரங்கம்மாள் ஒரு காலி டின்னை எடுத்துத் தம்பிக்கென்று தனியாகப் படைத்திருந்த இலை பக்கத்தில் வைத்தாள். எழுந்திருக்கும்போது ராணியம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த வருசம் என் முறை. அந்தக் கம்பெனித் தம்பிகிட்ட இப்பவே சொல்லி வெய்யி. என் மூட்டையையும் தனியா காய்ச்சச் சொல்லு. தேதிய மட்டும் நல்லா பெருசா போடச் சொல்லுடி, எனக்குக் கண்ணு சரியா தெரியாது."