ரேவா வீட்டு மங்கல் விளக்கு

மழைக்காலம் முடிந்த கையோடு டாயெங் ரேவா வீட்டு விளக்குகள் மங்கத் தொடங்கின. கூடம், அடுப்படி, படுக்கையறை என்று எல்லா எல்இடி பல்புகளும் சோகை பிடித்த மாதிரி எரிந்தன. தட்டில் முள் எது, மீன் எது என்று தெரியவில்லை என்று அவன் மனைவி ஹாஸ்னா என்னிடம் வந்து அலுத்துக்கொண்டாள். என் காப்பிக் கடை அவர்கள் வீட்டுக்கு நேர் எதிரே. நடந்ததில் பாதிக்கு மேல் நான் கண்ணால் பார்த்தது.

ரேவா எங்கள் மக்காசார் ஊரின் பாவோதெரே துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். டாயெங் என்பது இங்கே ஆளை மரியாதையாகக் கூப்பிடும் சொல். கைத்திறமை உண்டு, அதைவிடக் கோபம் அதிகம். முதலில் புது பல்புகள் வாங்கி மாட்டினான். அவையும் அழுதுகொண்டுதான் எரிந்தன. கழற்றிய பழைய பல்பு ஒன்றை என் கடையில் மாட்டிப் பார்த்தான். பளிச்சென்று எரிந்தது.

"பல்புல ஒண்ணும் இல்லக்கா. எவனோ என் கரண்டை உறிஞ்சுறான்."

எவனோ என்றாலும் அவன் கண் பக்கத்துப் பட்டறைக்குத்தான் போனது. டாயெங் லிவாங் அங்கே இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் பற்றவைப்பவன். இரண்டு வீட்டுக்கும் ஒரே கம்பத்திலிருந்து கம்பி வருகிறது. லிவாங் வெல்டிங் வைக்கும்போது என் கடை விளக்கே லேசாகத் துடிக்கும். ரேவாவுக்கு அந்தச் சந்தேகம் போதுமாயிருந்தது.

ஹாஸ்னா நிதானமாகக் கவனித்தவள். ஃபிரிட்ஜையும் ரைஸ் குக்கரையும் நிறுத்தினால் விளக்கு தெளிகிறது. குக்கரைப் போட்டதும் மறுபடி செத்துப்போகிறது. பட்டறை பூட்டிக் கிடக்கும் நாட்களிலும் இதே கதைதான்.

"லிவாங் ஊர்ல இல்லாதப்பவும் மங்குது டாயெங்," என்று கணவனிடம் சொன்னாள். "நமக்கு வர்ற கம்பியிலதான் எங்கயோ கோளாறு. மின்வாரியத்துல சொல்லி வரச்சொல்லுவோம்."

"நீ யார் பக்கம்?"

"யார் பக்கமும் இல்ல. பார்த்ததைச் சொல்றேன்."

"எஞ்சினைப் பிரிச்சு மாட்டுறவன் நான். எனக்கு நீ பாடம் எடுக்குறியா?"

அத்தோடு மின்வாரியப் பேச்சு நின்றுபோனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் கடையில் ஆட்கள் நிறைய. லிவாங் பட்டறையிலிருந்து எழுந்து வந்து வறுத்த வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். ரேவா நேராக அவன் முன்னால் போய் நின்றான்.

"என் கம்பியில எங்க கொக்கி போட்டிருக்க? நீயா எடுத்துடு. நான் ஏறினா கம்பியோட நிக்காது."

லிவாங் வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். கெட்டவன் இல்லை அவன். ஆனால் நாலு பேர் இருந்தால் அவன் நாக்கு அடங்காது.

"உன் வீட்டு இருட்டுக்கு நான் என்னப்பா பண்ணுவேன்? பொண்டாட்டி முகத்தைப் பார்க்கச் சகிக்காம நீயேதான் மங்க வெச்சிருப்ப. இல்ல, உன் முகத்தைப் பார்க்கச் சகிக்காம அவ வெச்சிருப்பா."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ரேவா சிரிக்கவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. திரும்பி வீட்டுக்கு நடந்தான். எங்கள் மக்காசாரில் ஒருவன் அப்படிப் பேசாமல் திரும்பினால் கத்தி எடுக்கத்தான் போகிறான் என்று எல்லோருக்கும் தெரியும். சிரிப்பு நின்றது. "அவன் பின்னாடி போய் ஒரு வார்த்தை சமாதானமாச் சொல்லிடு," என்றேன் லிவாங்கிடம். "ஆறிடுவான்," என்று சொல்லிவிட்டு அவன் பட்டறைக்குப் போய் விட்ட வேலையைத் தொடர்ந்தான்.

ரேவா பெட்டியைத் திறந்து தன் அப்பாவின் ‘பாடிக்’ என்னும் குத்துவாளை எடுத்தான். ஹாஸ்னா வாசலில் குறுக்கே நின்றாள். அவன் தள்ளிய வேகத்தில் அவள் தலை நிலைப்படியில் மோதியது. காதோரம் ரத்தம் வழிய எழுந்து அவன் பின்னால் ஓடினாள்.

லிவாங் முகமூடியைக் கவிழ்த்துக் கதவு ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். ஆள் வந்ததே தெரியவில்லை. ரேவா வெல்டிங் மிஷினைக் காலால் உதைத்துச் சாய்த்தான். லிவாங் முகமூடியைத் தூக்கினான், கத்தியைப் பார்த்தான், கையிலிருந்த பழுக்கச் சிவந்த வெல்டிங் குச்சியை அப்படியே ரேவாவின் கன்னத்தில் அழுத்தினான். சதை கருகிய வாடை கடைவரை வந்தது. ரேவா அலறவில்லை. லிவாங் சுத்தியலை எட்டி எடுத்து அவன் தோளில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. இடது கை தொங்க, ரேவா வலது கையால் விலாவுக்குக் கீழே குத்தினான். பிடுங்கினான். மறுபடி குத்தினான்.

அடுத்த குத்து விழுமுன் ஹாஸ்னா வெறுங்கையால் கத்தியைப் பிடித்தாள். அவன் இழுத்தான். அவள் விடவில்லை. கத்தி அவள் விரல்களை அறுத்துக்கொண்டு வழுக்கியது. அதற்குள் நாங்கள் ஓடிப்போய் அவனைக் கீழே சாய்த்துப் போலீஸில் ஒப்படைத்தோம்.

லிவாங் ஆஸ்பத்திரியில் இரண்டு இரவு தாக்குப்பிடித்தான். அதற்குமேல் முடியவில்லை.

அடக்கம் முடிந்த மதியம் அவன் தம்பி டாயெங் ருரூங் வெட்டரிவாளோடு சந்துக்குள் வந்தான். ரேவா வீட்டு ஜன்னல்களை நொறுக்கினான், மரச் சுவரைப் பிளந்தான், ஃபிரிட்ஜைத் தெருவுக்கு இழுத்துக் கொத்தினான். ஹாஸ்னா கட்டுப்போட்ட கையோடு என் அடுப்படியில் உட்கார்ந்து அந்தச் சத்தம் முழுவதையும் கேட்டாள். "அவளையும் வீட்டோட கொளுத்துவேன்," என்று ருரூங் கத்திவிட்டுப் போனான்.

அந்த அமளியில் வீட்டில் மின்சாரம் அடியோடு போயிருந்தது. மின்வாரிய ஆள் வந்து ஏணி போட்டான். கம்பத்துக் கம்பி வீட்டுக் கம்பியோடு சேரும் இடத்தில், கூரையோரம், இணைப்பு தளர்ந்து கருகிக் கரியாகியிருந்தது.

"ரொம்ப நாளா லூசா இருந்திருக்கு. இது வழியா கரண்டு ஒழுங்கா வராது. விளக்கு மங்கியிருக்குமே?"

"கொக்கி ஏதாவது போட்டிருக்காங்களா?" என்று கேட்டாள் ஹாஸ்னா.

"ஒரு கீறல்கூட இல்லம்மா."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றே ரேவாவின் அம்மா வந்தாள். "இதை வெளிய சொல்லாத. லிவாங் திருடினான், கேட்கப் போன இடத்துல சண்டை வந்துச்சுன்னுதான் வக்கீல் பேசப்போறார். நீயும் அதையே சொல்லு. தண்டனை குறையும்."

"அவரு திருடலையே அத்தை."

"செத்தவனுக்கு இனிமே என்ன கெட்டுப்போச்சு? உன் புருஷன் உயிரோட இருக்கான்."

வழக்கு விசாரணைக்கு வந்த அன்று நானும் கோர்ட்டுக்குப் போனேன். ரேவா கன்னத்தில் தழும்போடு உட்கார்ந்திருந்தான். நீதிபதி கேட்டதும் ஹாஸ்னா அவனைப் பார்க்காமல் பேசினாள். இணைப்பு கருகியிருந்ததைச் சொன்னாள். தான் முன்பே எச்சரித்ததைச் சொன்னாள். "டாயெங் லிவாங் எங்க வீட்டுல இருந்து எதையும் எடுக்கல. ஒரு கிண்டல் பண்ணினாரு. அவ்வளவுதான்." ரேவா தலையைக் குனிந்தவன் கடைசிவரை நிமிரவில்லை. நீண்ட தண்டனை கிடைத்தது. அவன் அம்மா வெளியே வந்து ஹாஸ்னாவின் காலடியில் துப்பினாள்.

சில நாள் கழித்து லிவாங்கின் மனைவி சாயெனாப் என் கடைக்கு வந்தாள். என்னோடு தங்கியிருந்த ஹாஸ்னா ஒரு கையால் கண்ணாடி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். மற்றக் கையில் இரண்டு விரல்கள் இனி மடங்காது. சாயெனாப் உட்காரவில்லை.

"என் புருஷன் திருடன்னு ஊரு பேசிக்கிட்டிருந்துச்சு. என் புள்ளைங்க பள்ளிக்கூடம் போகாம இருந்தாங்க. இன்னிக்குப் போயிருக்காங்க."

ஹாஸ்னா இன்னொரு டம்ளரை எடுத்தாள்.

"உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைக்காத. உன்னைப் பார்த்தாலே வயிறு எரியுது. ஆனா ருரூங்கிட்ட சொல்லிட்டேன். உன் மேல ஒருத்தன் கை வைக்கமாட்டான்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஹாஸ்னா வெகுநேரம் அதே டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிளந்த சுவருக்குப் பலகை எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்டாள்.