பத்தாவது சீட்டு

அந்த அகராதி அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. ஒரு சொல்லுக்குப் பத்துப் பொருள் தேறிவிட்டால், தொகுத்தவர் பெயர் அந்தச் சொல்லுக்கு அடியிலேயே பொடி எழுத்தில் அச்சாகும். பதினெட்டு வருடமாக ஆங்கில ‘எஃப்’ எழுத்தைக் கட்டி மேய்த்துவரும் உதவியாசிரியருக்கு இதுவரை எந்தச் சொல்லும் ஏழு பொருளைத் தாண்டியதில்லை.

‘ஃபாஸ்ட்’ என்ற சொல்லை அவரேதான் மனைவியின் தங்கையிடம் தள்ளிவிட்டார். வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவரே. “வேகம், அவ்வளவுதான். ஒரு வரில முடிஞ்சிடும்.”

நாலாம் நாள், பொருளுக்கு ஒன்றாக எழுதிய சீட்டுக்கட்டோடு வந்து நின்றாள்.

“அத்தான், இது என்ன சொல்லு! தலைதெறிக்க ஓடினாலும் ஃபாஸ்ட், அசையாம ஒட்டிக்கிட்டாலும் ஃபாஸ்ட். பட்டினி கிடந்தாலும் அதுதான், அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினாலும் அதுதான். இப்படியே ஒன்பது, சாயம் போகாத துணியையும் சேர்த்தா மொத்தம் பத்து!”

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “ஒழுங்கா எண்ணினியா?”

“மூணு தடவை. அக்காகிட்டகூடச் சொல்லிட்டேன். அத்தானுக்குப் பெருமை தாங்காதுன்னா.”

உண்மைதான், தாங்கவில்லை. எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், அவள் மேசையிலிருந்து ‘சாயம் போகாத’ அந்தப் பத்தாவது சீட்டை உருவினார். கிழிக்கக் கை வரவில்லை. சீட்டைக் கிழித்துப் பழக்கமில்லாத கை. சுவர் முழுக்க இழுப்பறைகள். ஒன்றைத் திறந்து செருகிவிட்டு, நிம்மதியாகப் போய்ச் சாப்பிட்டார்.

மூன்று மணிக்கு, முன்னுரை இல்லாமல் தும்மக்கூட மாட்டாத இயக்குநர் வந்து எண்ணினார். ஒன்பது.

“இருந்துச்சு சார்!” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“புதுசுதானே சார், எங்கயாவது கைதவறியிருக்கும்” என்று உதவியாசிரியர் பெருந்தன்மையோடு பரிந்து பேசினார்.

எதற்கும் பார்த்துவிடலாம் என்று இயக்குநர் ‘எஃப்’ இழுப்பறையை இழுத்தார். ‘ஃபாஸ்ட்’ இருக்க வேண்டிய இடத்தில், இம்மி பிசகாமல், பத்தாவது சீட்டு. அதில் விட்டுப்போயிருந்த ஒரு காற்புள்ளிகூடப் பச்சை மையில் போடப்பட்டிருந்தது. அந்த அலுவலகத்தில் பச்சை மை ஒருவரிடம்தான் உண்டு.

உதவியாசிரியர் தன் கையையே வெறித்துப் பார்த்தார். பாவி, பதினெட்டு வருடப் பழக்கத்தைக் காட்டிவிட்டது.

“பாத்தியாம்மா? தொலைஞ்சிடக் கூடாதுன்னு திருத்தி, எடுத்து அடுக்கி வெச்சிருக்காரு. வாயத் திறந்து சொன்னாரா? அதுதான் தொண்டு!” இயக்குநர் தொண்டின் பெருமை பற்றி அரைமணி நேரம் பேசினார்.

“சார், அத்தான் பேரையும் சேர்த்துப் போடலாமா?”

“ஒரு காற்புள்ளிக்கு எப்படிம்மா பேர் போடறது?”

மறுவாரம் அச்சுப்படி, சரிபார்ப்பதற்காக அவரிடமே வந்தது. அடியில் அவள் பெயர். பூதக்கண்ணாடியை வைத்து எழுத்தெழுத்தாக வெகுநேரம் துழாவினார். ஒரு புள்ளிகூடப் பிழையில்லை. பச்சைப் பேனாவைத் திறந்து, ‘சரி’ என்று எழுதினார்.