கலந்து முளைப்பவை

ஷரோன் மறுபடியும் ஃப்ளஷை அழுத்தினாள். தண்ணீர் சுழன்று இறங்கியது. காய்ந்த காளான்கள் மட்டும் திரும்ப மேலே வந்து மிதந்தன. பக்கத்து அறையில் அவளுடைய அப்பா அலெக்ஸாண்டர் விடியப்புறம் இறந்துபோய்க் கிடந்தார். இறப்பை உறுதிசெய்ய நேர்ஸ் வந்துகொண்டிருந்தாள். வீட்டிலுள்ள மருந்துகளையும் பார்ப்பாள் என்று போனில் சொல்லியிருந்தார்கள்.

ஈரலில் புற்றுநோய். டிசம்பரில் நத்தார் வரை இருப்பார் என்றுதான் டொக்டர் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு நோவைவிடப் பயம் பெரிதாக இருந்தது. கண்ணை மூடினால் திரும்பத் திறக்கமாட்டேன் என்று இரவெல்லாம் கட்டிலில் நிமிர்ந்தே இருந்தார். அந்தப் பயத்தைத் தணிக்கிற காளான் ஒன்று உண்டாமே என்று ஷரோன் கேட்டபோது, அதற்கு ஒட்டாவாவிலுள்ள கனடா அரசின் சிறப்பு அனுமதி வேண்டும் என்றார் டொக்டர். விண்ணப்பித்தார்கள். பதில் வரவில்லை.

பிறகுதான் ஒஷாவா நகருக்கு அப்பால், காளான் பிடுங்கப் போகிறவர்களோடு அவளும் காட்டுக்குப் போனாள். கறிக்கான காளானைப் பற்றி அவர்கள் உரக்கப் பேசினார்கள், மற்றதைப் பற்றிக் குரலைத் தாழ்த்தினார்கள். இடத்தை ஒருவருக்கும் சொல்லாதே, வைத்திருப்பதே குற்றம் என்றார்கள். அதே நிறத்தில் இன்னொன்றும் முளைக்கும், சில நாளில் ஈரலைத் தின்றுவிடும் என்றும் சொன்னார்கள்.

காளானைத் தின்ற பின்னேரம் அப்பா பல்கனியில் இருந்து, 401 நெடுஞ்சாலையில் போகிற வாகனங்களைப் பார்த்து மெல்லச் சிரித்தார். அன்றிரவு காலை நீட்டிப் படுத்து நித்திரை கொண்டார். அந்தக் கிழமையின் ஏழு நாளும் முடியவில்லை, போய்விட்டார். கண்ணில் மஞ்சள் முன்னமே இருந்தது. அது கூடியது எதனால் என்று யார் சொல்வது?

"உது தண்ணியில போகாது." அம்மா கிளடிஸ் குளியலறை வாசலில் நின்றாள். உள்ளே வந்து, கையாலேயே அள்ளி, அப்பாவின் பழைய டயப்பர்கள் இருந்த பையின் அடியில் போட்டு முடிச்சிட்டாள்.

"அம்மா, நான் மாறிப் பிடுங்கியிருந்தா?"

"நீ மாறேல்லை."

"உங்களுக்கெப்பிடித் தெரியும்?"

அம்மா கையைக் கழுவினாள். "நீ கொண்டுவந்த அண்டைக்கே ஒண்டைத் திண்டு பாத்தனான். அந்த மனுசனுக்குக் குடுக்க முன்னம் ஆராவது பாக்க வேணுமே."

ஷரோன் துண்டை எடுத்து நீட்டினாள்.

"சுவர் கொஞ்சம் மூச்சு விட்ட மாதிரி இருந்தது," என்றாள் அம்மா. "பிறகு கழுவாமக் கிடந்த சட்டியெல்லாத்தையும் கழுவினன்."

நல்லதும் கெட்டதும் ஒரே கொத்தில் கலந்து முளைக்கும், அம்மா தின்ற ஒன்று மற்றவற்றுக்குச் சாட்சியாகாது. அது ஷரோனின் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் கீழே கட்டட வாசலில் நேர்ஸ் பஸரை அழுத்திவிட்டாள்.

நேர்ஸ் மெதுவான, களைத்த பெண். நாடியைப் பார்த்தாள், நேரத்தைக் குறித்தாள், மோர்ஃபின் குப்பிகளை எடுத்துவைத்தாள். இவற்றைத் தவிர வேறு ஏதாவது எடுத்தாரா என்று இங்கிலிஷில் கேட்டாள். ஷரோன் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள்.

"கஞ்சி மட்டும் எண்டு சொல்லு," என்றாள் அம்மா.

ஷரோன் அதை இங்கிலிஷில் சொன்னாள். நேர்ஸ் பேனாவைப் பிடித்தபடி ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்.

அம்மா அலுமாரியிலிருந்து கம்பளிச் சொக்ஸ் எடுத்துவந்து அப்பாவுக்குப் போட்டுவிடத் தொடங்கினாள். கால் விறைத்திருந்தது, குதிக்காலைத் தாண்டித் துணி ஏறவில்லை. ஷரோன் போய்க் குனிந்து, அந்தக் காலைத் தூக்கிப் பிடித்தாள்.