வெந்நீரில் போட்ட பேனா

தோள்பட்டை காலையிலிருந்தே கழன்று விழுவதுபோல் வலித்தது. நாள் முழுக்கக் குழாய்களைச் சக்கரத்தில் அழுத்திப் பிடித்து பாலிஷ் போடுகிறவனுக்கு வலது தோள் நாற்பதிலேயே கிழடாகிவிடும். மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் பட்டறைத் தரையிலேயே சாய்ந்தேன். அப்போதுதான் என் மனைவி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

அவளுக்குப் பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. ஆறு வருடத் தற்காலிகம். நிரந்தரமாக்கும் கடிதம் அந்த வாரம்தான் ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டரம்மாவின் மேசைக்குக் கையெழுத்துக்குப் போயிருந்தது.

மடியில் செருகியிருந்த பேனாவை எடுத்து நீட்டினாள்.

“டாக்டரம்மா மேசைய தொடைக்கும்போது உருண்டு விழுந்துருச்சுங்க. பாக்காம நாற்காலிய தள்ளிட்டேன், சக்கரம் மேல ஏறிருச்சு. நாலு மணிக்கு அவங்க வந்துருவாங்க.”

கெட்டி ரப்பரில் கடைந்த பழைய கருப்புப் பேனா. உடம்பெல்லாம் கீறல். நடுவில் டாக்டரம்மாவுடைய அப்பாவின் கையெழுத்தை மயிரிழை கனத்தில் செதுக்கியிருந்தது.

“அந்த எழுத்துமேல மட்டும் கை வெச்சுராதீங்க. பேசும்போதெல்லாம் கட்டைவிரலால அதத்தான் தடவிக்கிட்டு இருப்பாங்க.”

“பயில்வான் குழாய விட்டுட்டுக் குண்டூசி தூக்குறாரு டோய்!” என்றான் பக்கத்துச் சக்கரத்து மீசை.

“நீ சோத்தப் பாருடா.”

எந்தச் சாமானும் பாலிஷுக்கு முன்னால் சோப்பு வெந்நீரில் ஊறி எண்ணெய்ப்பிசுக்கு போக வேண்டும். இருபது வருடப் பழக்கம், யோசிக்கவேயில்லை. நிப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பேனாவையும் மூடியையும் உள்ளே போட்டேன். கெட்டி ரப்பர் வெந்நீரில் வெளுக்கும் என்று எனக்குத் தெரியாது. கால்மணி நேரம் கழித்து எடுத்தால் கருப்பைக் காணோம். குட்டைத் தண்ணீர் நிறத்தில் ஒரு குச்சி கையில் இருந்தது.

“ஐயோ, என்னங்க இது?”

“ஈரம். காஞ்சா சரியாயிடும்.”

காய்ந்ததும் இன்னும் வெளுத்தது. நைசான உப்புத்தாளால் ஓரத்தில் தேய்த்துப் பார்த்தேன். மேல்தோல் போனதும் அடியில் கருப்பு இருந்தது. கீறலும் கூடவே போயிற்று. மூடி, வால், பக்கமெல்லாம் தேய்த்து, மூன்றரைக்குள் கன்னங்கரேலென்று ஆக்கிவிட்டேன். மிச்சம் கையெழுத்து இருந்த விரலகலம். அங்கே தேய்த்தால் கருப்பு வரும், எழுத்து போய்விடும்.

“எழுத்து போனா போகுது. நிறம்தான் கண்ணுல குத்தும்.”

“உங்களுக்குக் கண்ணு. அவங்களுக்கு விரலு.”

“வேலை போயிரும்டி!”

“செத்த மனுசன்கிட்ட திரும்பக் கையெழுத்து வாங்கித் தருவீங்களா? குடுங்க இப்படி.”

பிடுங்கிக்கொண்டாள். நானும் வருகிறேன் என்று எழுந்தேன்.

“வெளிய எடுத்துட்டு வந்தேன்னு தெரிஞ்சா திருட்டும்பாங்க. நானே அங்க வெந்நீர்ல கழுவிட்டேன்னு சொல்லிக்கறேன். நீங்க வராதீங்க.”

வராதீங்க என்றதும் எனக்கு உள்ளே நிம்மதியாக இருந்தது. உடனே சக்கரத்தை ஓடவிட்டேன்.

டாக்டரம்மா கத்தவில்லையாம். பழுப்புத் திட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “உன்ன நம்பித்தானே அறைய தெறந்து விட்டுட்டுப் போனேன்?” என்று மட்டும் கேட்டாராம். மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வேறு ஆள்.

ஏழு மாதம் ஆகிறது. அந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் தினமும் பட்டறைக்குப் போகிறேன். வெந்நீரில் போட்டது அவள் இல்லை, நான்தான் என்று டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டியது பாக்கி. இன்னும் சொல்லவில்லை.