எதிரே வந்த வேன்

செல்லாயி வீட்டைவிட்டு இறங்கும்போது அண்ணி கருப்பம்மாள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"எதிர்ல என்னா வருதுன்னு பாத்துப் போ லா. நல்லதா வந்தா சரின்னு சொல்லு. பூனை கீனை வந்தா பேசாம திரும்பி வந்துரு."

ஈப்போவுக்குப் பக்கத்து ஊரான லகாட்டில் டயர் கடையில் வேலை பார்க்கும் சின்னையாவுக்குப் பதில் சொல்லத்தான் செல்லாயி போகிறாள். மனைவியைப் பறிகொடுத்தவன் அவன். "என்னைக் கட்டிக்கிறியா?" என்று மூன்று மாதத்துக்கு முன் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டான். செல்லாயிக்கும் புருஷன் செத்து ஆறு வருஷம் ஆகிறது. வயது முப்பத்து நான்கு. மூன்று மாதமாக மனசு ஒருநாள் சரி என்றது, மறுநாள் வேண்டாம் என்றது. இரண்டையும் அது ஒரே குரலில் சொன்னதுதான் தொல்லை. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று நாள் குறித்தவளும் அவள்தான்.

துண்டு துண்டாக விற்றுப்போன ரப்பர் தோட்டத்தைத் தாண்டி, தார்ச் சாலையில் ஏறினாள். சகுனம் பார்ப்பது அவளுக்கு விசித்திரமாக இருந்தது. ஆறு வருஷமாக அவளே ஒரு சகுனம். கல்யாணத்துக்குப் புறப்படுகிறவர்கள் அவளைக் கண்டால் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். இன்று அவளுக்கு எதிரே யார் வரவேண்டும்? சுமங்கலி வந்தால், அவளுக்கல்லவா இவள் அபசகுனம்?

வளைவில் ஒரு வேன் வந்தது.

கூரைமேல் கேரியரில் ஓர் ஆள் நீளத்துக்கு வெள்ளைத் துணி சுற்றிய ஒன்று கிடந்தது. மூன்று இடத்தில் கயிற்றுக்கட்டு. முன்கண்ணாடிக்குக் கீழே செவ்வந்தி மாலை. செல்லாயி செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் ஒதுங்கி நின்றாள். அவள் புருஷனையும் ஆஸ்பத்திரியிலிருந்து அப்படித்தான் கொண்டுவந்தார்கள். பெட்டி உள்ளே நுழையவில்லை என்று தோட்டத்து வேன் கூரையில் வைத்துக் கட்டினார்கள். வழியெல்லாம் அது அவிழ்ந்து விழுந்துவிடுமோ என்றுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அழக்கூடத் தோன்றவில்லை.

ஓட்டியவன் தாடிவைத்த வெள்ளைக்காரன். இவளைப் பார்த்துக் கையசைத்தான். துக்கத்தில் புத்தி பேதலித்திருக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

வேன் போனபிறகுதான் உறைத்தது. பிணம் எதிரே வந்தால் நல்ல சகுனம்! போகிற காரியம் கட்டாயம் முடியும் என்பார்கள். அதன்பிறகு அவள் நடந்த நடை வேறு. மூன்று மாதச் சுமையை யாரோ வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது.

சின்னையா ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தான்.

"சரி," என்றாள்.

"எதுக்குச் சரி?"

"நீங்க கேட்டதுக்குத்தான்."

அவன் கையிலிருந்து டியூப் நழுவியது. ஈரக்கையைத் துடைக்க இடம் தெரியாமல் முகத்தில் துடைத்துக்கொண்டான். கன்னமெல்லாம் கரி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில்தான் அதே வேன் திரும்பிவந்து கடை முன்னால் நின்றது. கயிறு அறுந்து வெள்ளைத் துணி ஒரு பக்கம் தொங்கியது.

"ஐயோ, பொணம் விழப்போவுது!" என்று கத்திவிட்டாள் செல்லாயி.

வெள்ளைக்காரனும் கூட வந்த பெண்ணும் துணியை உருவினார்கள். உள்ளே இரண்டு பலகைகள். ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். மீன்போல நுனி கூர்ந்து வழவழவென்று இருந்தன. சின்னையா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஏதோ கேட்டான். பிறகு பழைய டியூபை வாராக வெட்டிக்கொண்டே அவளிடம் சொன்னான்.

"கடல்ல அலைமேல ஏறி நிக்கிற பலகையாம். லுமுட் கடற்கரைக்குப் போய்க் குளிச்சிட்டு அப்புறம் பாலித் தீவுக்குப் போறாங்களாம். வெயிலு படக்கூடாதுன்னு படுக்கை விரிப்பைச் சுத்தியிருக்காங்க. மாலை அழகா இருக்குன்னு ஈப்போவுல வாங்கினதாம். இதப் போயி பொணங்கிறியே!"

அவன் கேரியரில் ஏறி, ரப்பர் வாரை இழுத்து இழுத்துப் பலகைகளைக் கட்டினான். சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரை ஏறியது. செல்லாயி சிரிக்கவில்லை.

"அதப் பாத்துட்டுத்தான் சரின்னு சொன்னேன்," என்றாள் மெல்ல.

"எதப் பாத்துட்டு?"

"பொணம் எதிர்ல வந்தா நல்லதுன்னு…"

சிரிப்பு நின்றது. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு இறங்கினான். வேன்காரன் நீட்டிய கையைப் பிடித்துக் குலுக்கி, அவர்களை வழியனுப்பிவிட்டு வந்தான்.

"அப்ப என்னைப் பாத்துச் சொல்லலையா?"

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்வது எளிதாக இருந்திருக்கும். அவனைப் பார்த்துத்தான் சொன்னோமா என்று அவள் தனக்குள் தேடினாள். வளைவில் வேன் வருவதற்கு முன்பு மனசு என்ன சொல்லிக்கொண்டிருந்தது? நினைவில்லை. பிணம் இல்லையென்றால் சகுனமும் இல்லை. சகுனம் இல்லையென்றால் அந்தச் சரி யாருடையது? ஆனால் கன்னத்துக் கரியைப் பார்த்துச் சிரிப்பு வந்ததே, அது?

"இன்னொரு வாட்டி கேளுங்க," என்றாள்.

"கட்டிக்கிறியா?"

வாயைத் திறந்தாள். சரியும் வரவில்லை, வேண்டாமும் வரவில்லை.

"தெரியல," என்றாள். சொன்னதும் கண் கலங்கியது. "நெசமாவே தெரியல. உங்ககிட்ட பொய் சொல்ல வரல."

 சின்னையா அடுக்கியிருந்த டயர்களில் மேலே இருந்ததைத் துணியால் துடைத்தான்.

"தெரியலன்னா உக்காரு. டீ சொல்றேன். எனக்கும் இந்த ஓட்டை எங்கேயிருக்குன்னு இன்னும் தெரியல."

திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். அண்ணியிடம் பூனை வந்தது என்று சொல்லியிருக்கலாம். செல்லாயி டயர்மேல் உட்கார்ந்தாள். ஏன் உட்கார்ந்தோம் என்று யோசித்துக்கொண்டே, அவன் டியூபைத் தண்ணீரில் மெல்லத் திருப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.