ஈஸ்வரபாண்டிக்கு வந்த முகம்

கம்பம் திராட்சை மண்டியில் தரகு பார்க்கும் ஈஸ்வரபாண்டி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்தபோது, அவன் கழுத்துக்கு மேலே சின்னமனூர் பவானியின் முகம் இருந்தது. குரல், தொந்தி, நடை எல்லாம் அவனுடையவைதான். முகம் மட்டும் பவானியுடையது, பொட்டு உட்பட. அன்று பன்னீர் திராட்சை வரத்து அதிகம் என்பதால் பத்து மணிவரை மண்டியில் யாரும் கவனிக்கவில்லை.

பவானி சின்னமனூரில் ஓர் உரக்கடையில் பில் போடுகிறவள். சித்தி மகளின் வளைகாப்பில், பெண்கள் மட்டும்தானே என்று கதவைச் சாத்திக்கொண்டு ஆடினாள். யாரோ படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட, அது குழுவைத் தாண்டி எங்கெங்கோ போனது. பிறகு அவள் பெயரிலேயே ஒரு கணக்கு முளைத்தது. அதில் அவள் ஆடினாள், சிரித்தாள், தனியாக இருக்கிறேன், பேச வாங்க என்று ஊரையே அழைத்தாள். யூரியா வாங்க வந்தவர்கள் மூட்டையைத் தூக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆண்டிபட்டி மாப்பிள்ளை வீட்டார் நிச்சயதார்த்தத்தைத் தள்ளிவைத்தார்கள். வேலையை விட்டுவிடு என்று அப்பா சொன்னார். பவானி குளியலறையில் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு தேனிக்குப் போய் சைபர் கிரைமில் புகார் கொடுத்தாள். ஆளைக் கண்டுபிடிக்க நாளாகும் என்றார்கள். அதற்குள் முகமே ஆளைக் கண்டுபிடித்துவிட்டது.

சேதியைக் கொண்டுவந்தவர் வாழைத்தார் லாரி ஓட்டும் மலைச்சாமி. "ஆத்தா, ஒம்மூஞ்சி கம்பத்துல வெத்தல போட்டுக்கிட்டு நிக்குது" என்றார்.

பவானி கடையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் மனசுக்குள் அவனை அறைந்துகொண்டே போனாள். மண்டியில் அவனைக் கண்டதும் கையை ஓங்கினாள். எதிரே அவளுடைய கண்களே பயந்துபோய் இமைத்தன. சொந்த முகத்தை அறையக் கை வரவில்லை. கன்னத்தில் தாடி முளைத்து, சவரம் செய்த இடத்தில் கீறலும் இருந்தது.

"எம்மூஞ்சிய வச்சுக்கிட்டு வெத்தல போடாதீக. மொதல்ல வாயக் கொப்புளிங்க" என்றாள்.

அவன் கொப்புளித்துவிட்டு வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். விளையாட்டாக ஆரம்பித்தானாம். ஆட்கள் சேரச் சேர விட மனசில்லையாம். இப்போது பஸ்ஸில் பக்கத்தில் வந்து ஒட்டி உட்காருகிறார்களாம், டீக்கடையில் கேட்காமலே செல்போனை நீட்டிப் படம் எடுக்கிறார்களாம்.

"ரோட்டுல நடக்க முடியல தங்கச்சி."

"நான் ஒரு மாசமா நடந்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அன்றே அவனைத் தேனிக்கு அழைத்துப்போனாள். சப்-இன்ஸ்பெக்டர் உமாதேவி இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். இனி விசாரிக்க என்ன இருக்கிறது என்று சொல்லி, வழக்கில் அவன் பெயரைச் சேர்த்தார். கணக்கு முடக்கப்பட்டதும் அவனுக்குச் சொந்த மோவாய் திரும்பியது. அதற்குள் படத்தைத் தங்கள் செல்போனில் இறக்கி வைத்திருந்தவர்களிடம் மீதி முகம் இருந்தது. பவானி அவனை எதிரே உட்காரவைத்து, போடி, குமுளி, அதற்கு அப்பாலும் ஒவ்வொருவருக்கும் போன் போடவைத்தாள். அழித்துவிட்டேன் என்று ஒருவர் உண்மையாகச் சொன்னால் முகத்தில் ஒரு துண்டு மாறும். பொய் சொன்னால் மாறாது, அவள் மறுபடி போடச் சொல்வாள். மீசை முதலில் ஒரு பக்கம்தான் வந்தது. கடைசியில் இடது காது மட்டும், ஜிமிக்கியோடு, அப்படியே நின்றுவிட்டது. எங்கேயோ ஒருவர் இன்னும் அழிக்கவில்லை. வழக்கு நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா அவன் காது மறையத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்வருகிறான்.

ஆண்டிபட்டிக்காரர்கள் தட்டோடு திரும்பி வந்தார்கள். பவானி காபி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

மறு வருஷம் உத்தமபாளையத்தில் ஈஸ்வரபாண்டிக்குக் கல்யாணம். போட்டோ எடுக்க வந்த சேக் பரீத் விளக்குகளைச் சரிசெய்து, மாப்பிள்ளையை ஒருமுறை பார்த்தார். பிறகு மண்டபத்துக்கு வெளியே போய்ச் சின்னமனூர் உரக்கடைக்குப் போன் செய்தார்.

"காது ஒங்களுதும்மா. எடுக்கலாமா?"

பொட்டாஷுக்குப் பில் போட்டுக்கொண்டிருந்த பவானி கொஞ்சம் யோசித்தாள்.

"வலது பக்கம் மட்டும் எடுத்துக்கிருங்கண்ணே."

அவர் அப்படியே எடுத்தார். ஆல்பம் முழுக்க மாப்பிள்ளைக்கு ஒரு காதுதான். பெண் வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.